ஆமென் சொல்லாத ஞாயிறு

1776 ஜூலை 18, வியாழன். வெதர்பி

காலையில் உப்பு மீனை ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன். கொல்லர் கேலப் ஸ்ட்ரௌட் சமையலறைப் பக்கமாக வந்து கோயில் சாவியைக் கேட்டார். அமெரிக்காவின் இந்தப் பதின்மூன்று குடியேற்ற நாடுகளும் இங்கிலாந்து ராஜாவை உதறிவிட்டனவாம். இனி ராஜா கிடையாதாம். அதற்காகக் கோயில் மணி அடிக்க வேண்டுமாம். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஆனாலும் ஐயரைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்க நான் யார்?

தரங்கம்பாடியில் பாதிரிமாரை ஐயர் என்று கூப்பிட்டுப் பழகிய வாய் இத்தனை கடல் தாண்டியும் மாறவில்லை. இந்த ஐயரின் பெயர் ஜோனத்தான் அஷ்பி. எட்டு வருஷத்துக்கு முன் கப்பல் சமையல்காரனாக வந்த என்னைக் காய்ச்சலோடு இந்தத் துறையில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. தூக்கி வந்து பிழைக்க வைத்தவர் இவர். அன்றிலிருந்து இந்த வீட்டில் சமையல், தோட்டம், கோயிலைப் பெருக்குவது எல்லாம் என் பொறுப்பு. ஊரில் எல்லோருக்கும் நான் மாசி. மாசிலாமணி என்று முழுதாகச் சொல்பவர் ஐயர் ஒருவர்தான். அதைக் கற்க அவருக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது.

ஐயர் வெளியே வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு மணி அடிக்கிறோம், சாவுக்கும் அடிக்கிறோம். இது ரெண்டுல எதுன்னு எனக்கு இன்னும் தெரியலே, கேலப். தெரிஞ்சதும் அடிக்கலாம்."

கொல்லருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "அது கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஆராதனையில ராஜாவுக்காகச் சொல்ற அந்த ஜெபம் மட்டும் வேண்டாம், ஐயரே. ஊர்ப் புரட்சிக் கமிட்டியில தீர்மானமாயிருச்சு. கமிட்டிக்கு நான்தான் தலைவர். எனக்குச் சங்கடம் வைக்காதீங்க" என்றார்.

போன வருஷம் வரை எங்கள் கோயில் காரியங்களைப் பார்த்தவர் இந்த ஸ்ட்ரௌட். அவருக்கு அம்மை கண்டு கூடப் பிறந்தவனே கிட்டே வராமல் இருந்தபோது, ஒன்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தவர் ஐயர். இருவருக்கும் அது ஞாபகம் இருக்கிறது என்பது முகத்திலேயே தெரிந்தது.

இவர்கள் பேசுவதை நம் பேச்சில்தான் எழுதிக்கொள்கிறேன். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். ஆகையால் தாளை ஒளித்து வைக்கும் வேலை இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

கோயில் பூட்டிக் கிடக்கிறது. ராஜா ஜெபத்தை விட்டுவிட்டு ஆராதனை நடத்த முடியாது, ஆகவே ஆராதனையே இல்லை என்று ஐயர் கதவில் எழுதி ஒட்டிவிட்டார். அக்கம்பக்கத்து ஊர்களிலும் எங்கள் இங்கிலாந்து சபைப் பாதிரிமார் அப்படித்தான் செய்திருக்கிறார்களாம்.

எனக்கு நிம்மதி. நான் இங்கே கோயில்பிள்ளையும் கூட. பழைய கோயில்பிள்ளை போன பங்குனியில் புரட்சிப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. ஐயர் ஒவ்வொரு ஜெபத்தையும் முடிக்கும்போது கோயில்பிள்ளைதான் முதலில் உரக்க ஆமென் சொல்ல வேண்டும். அவன் ஆரம்பித்தால்தான் ஜனங்கள் சேர்ந்து சொல்வார்கள். அவன் சும்மா இருந்தால் எல்லோரும் சும்மா இருப்பார்கள். இவர்கள் சபையில் தலைமுறை தலைமுறையாக அது வழக்கம்.

ராஜா எனக்கு என்ன உறவு? தரங்கம்பாடியில் டென்மார்க்கு ராஜா, அடுத்தாற்போல் தஞ்சாவூரில் ஒரு ராஜா, இங்கே ஜார்ஜ் ராஜா. மூவரில் ஒருவரும் எனக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊற்றியதில்லை.

ஆகஸ்டு 3, சனி

வெயில். வெண்ணெய் திரளவில்லை. யாரும் வரவில்லை.

ஆகஸ்டு 14, புதன்

அம்மாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்திருக்கிறது. ஐயரின் மனைவி ஹன்னாவைத்தான் அம்மா என்கிறேன். கோயிலுக்குப் பின்னால் மூன்று சின்னக் கல்லறைகள் இருக்கின்றன, மூன்றும் இவர்கள் பிள்ளைகள். நான்காவதாவது தங்க வேண்டும் என்று பால், முட்டை எது கிடைத்தாலும் அம்மா தட்டில் வைக்கிறேன். அவரோ பாதியை ஐயர் தட்டுக்குத் தள்ளுகிறார். ஐயருக்குப் போன குளிரிலிருந்து நெஞ்சுச் சளி. ராத்திரி இருமல் மாடிவரை கேட்கிறது.

ஆகஸ்டு 20, செவ்வாய்

ஸ்ட்ரௌட் மறுபடி வந்தார். எனக்குக் கை நிறையப் பட்டாணி உரிக்க இருந்தது. அதனால் கூடத்துக் கதவோரம் உட்கார்ந்துகொண்டேன். ஒட்டுக்கேட்பதற்கு இல்லை.

"பேரைச் சொல்லாதீங்க, போதும். ஆளுகிறவங்களுக்காகன்னு பொதுவாச் சொல்லுங்க. யாரு ஆளுறாங்கன்னு அவங்கவங்க மனசுல நெனச்சுக்கட்டும்" என்றார் அவர்.

"பிஷப் என் தலைமேல கை வச்சப்ப, புத்தகத்துல இருக்கிறபடியே படிப்பேன்னு வாக்குக் கொடுத்தேன். எனக்கு வசதியான எடத்துல மட்டும் படிப்பேன்னு சொல்லலே."

"அந்த ஆளு நம்ம மேல பட்டாளத்தை ஏவியிருக்காரு, ஐயரே."

"அப்படின்னா அவருக்கு ஜெபம் ரொம்பத் தேவைதான்."

கொல்லர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். உள்நாட்டில் ஒரு பழைய செம்புச் சுரங்கத்தைச் சிறையாக்கியிருப்பதைச் சொன்னார். சுவரெல்லாம் தண்ணீர் கசியுமாம், பகலிலும் விளக்கு வேண்டுமாம். "உங்க நெஞ்சுக்கு அங்கே மார்கழி தாண்டாது. அதைத் தெரிஞ்சுதான் கெஞ்சுறேன்" என்றார். மிரட்ட வந்த ஆளாக அவர் எனக்குத் தெரியவில்லை. என் பட்டாணி அப்படியே இருந்தது.

ஆகஸ்டு 29, வியாழன்

கிழவர் நதானியேல் ஹேலை அடக்கம் செய்தோம். கோயில் பூட்டியிருந்ததால் குழியோரம் நின்று நாலு வசனம், அவ்வளவுதான். அவர் மனைவி ஐயரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அறுபது வருஷம் இந்தக் கோயிலுக்கு வந்த மனுஷன். கடைசியில வெளியிலேயே நிக்க வச்சு அனுப்பிட்டோம்" என்று மட்டும் சொன்னார்.

ஐயரோடு வீடு திரும்பினேன். படலைத் திறந்ததும் நின்றார்.

"கதவைச் சாத்திக்கிட்டு உண்மையா இருக்கிறது ஒரு காரியமே இல்லே, மாசிலாமணி. யாரும் கேக்காத எடத்துல எவனும் உண்மையா இருக்கலாம். ஞாயித்துக்கிழமை திறந்து பெருக்கி வை."

"ராஜா ஜெபம்?"

"அதுவுந்தான்."

இந்த மனிதர்மேல் எனக்குக் கோபம். கோபத்தோடு கோயிலைப் பெருக்கினேன். இப்படி ஒரு மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். லண்டனில் பார்த்ததில்லை, கப்பலில் நிச்சயமாக இல்லை.

ஆகஸ்டு 31, சனி

இன்று கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். சாமான் அலமாரியில் தாள் ஒட்டலாமென்று. கொஞ்சம்தான் செலவானது. சாயங்காலம் கோயிலுக்குப் போய்ப் பீடத்துத் துணியை விரித்து, ஜெபப் புத்தகத்தையும் துடைத்து வைத்துவிட்டு வந்தேன்.

எதிர்த்தெரு சபைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாயில் வந்ததை ஜெபிப்பார்கள். எங்கள் ஐயருக்கு அது ஆகாது. புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு வரிகூட ஜெபிக்க மாட்டார். எட்டு வருஷத்தில் ஒருமுறையும் அப்படி ஜெபித்ததில்லை.

அலமாரியில் தாள் நன்றாக ஒட்டியிருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

பதினோரு பேர் வந்திருந்தார்கள். கமிட்டி ஆட்கள் இருவர் கடைசிப் பெஞ்சில், முழங்காலுக்கிடையில் துப்பாக்கியோடு. ஸ்ட்ரௌட் கதவோரம் நின்றார், உட்காரவில்லை. அம்மா முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பீடத்துக்குக் கீழே என் இடத்தில்.

சங்கீதம் படித்தாயிற்று, வேதவாசிப்பு ஆயிற்று. ராஜா ஜெபம் வரும் இடத்தில் ஐயர் தாளைத் திருப்பினார். இரண்டு தாள் சேர்ந்து வந்தன. கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். குனிந்து என்னை ஒருமுறை பார்த்தார். எனக்குக் காது சுட்டது. ஆனால் நடந்தது நடந்ததுதான். பக்கம் இல்லை, ஜெபமும் இல்லை. அடுத்ததற்குப் போய்விடுவார், யாரும் யார்மேலும் பழி சொல்ல முடியாது. அப்படித்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன்.

ஐயர் புத்தகத்தை மூடினார். இரண்டு கையையும் அதன்மேல் வைத்தார். கண்ணை மூடாமல், எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டே, ஜார்ஜ் ராஜாவுக்கு நல்ல புத்தியும் ஆயுசும் கேட்டு அந்த ஜெபத்தை ஒரு வார்த்தை பிசகாமல் மனப்பாடமாகச் சொன்னார். இருமல்கூட வரவில்லை. எந்தப் பழக்கத்தை அவர் இத்தனை வருஷம் வேண்டாமென்று ஒதுக்கினாரோ, அதையே செய்ய வைத்துவிட்டேன். புத்தகம் இல்லாவிட்டால் அவரிடம் ஜெபம் இருக்காது என்று நினைத்த மடையன் நான்.

முடித்துவிட்டு நிறுத்தினார். அது நான் ஆமென் சொல்ல வேண்டிய இடம்.

பின்னால் துப்பாக்கிக் கட்டை தரையில் இடித்த சத்தம் கேட்டது. என் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. பதினோரு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன். ஐயர் கொஞ்சம் காத்திருந்தார். அப்புறம் புத்தகத்தைத் திறந்து அடுத்த ஜெபத்துக்குப் போனார்.

வெளியே வந்ததும் ஸ்ட்ரௌட் அவரை நெருங்கி, புதன்கிழமை கமிட்டி விசாரணைக்கு வர வேண்டும் என்றார். ஐயர் தலையசைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு இருமல் தேவலையா என்று அவரைக் கேட்டார்.

செப்டம்பர் 2, திங்கள்

வெந்நீர் ஆவியில் காட்டி அந்தத் தாள்களைப் பிரித்தேன். ஐயர் வந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிழியாமல் பிரிகிறதா என்றார். பிரிகிறது என்றேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஸ்ட்ரௌட் நேரே சமையலறைக்கு வந்தார். முகம் வெளுப்பாக இருந்தது.

"மாசி, ஒரு வழி இருக்கு. நீ ஞாயித்துக்கிழமை ஆமென் சொல்லலே. யாருமே சொல்லலே. ஆமென் இல்லாத ஜெபம் முடிஞ்ச ஜெபம் இல்லே. நான் கோயில் காரியம் பார்த்தவன், எனக்குத் தெரியாதா? நாளைக்கு உன்னைக் கேப்பேன். ஜெபம் பாதியில நின்னுடுச்சு, அதனாலதான் நான் ஆமென் சொல்லலேன்னு சொல்லிடு. ஐயரைக் கண்டிச்சு விட்டுடுவோம். மத்த ரெண்டு பேரையும் நான் பார்த்துக்கிறேன்."

"ஐயர் ஒத்துக்குவாரா?"

"அவரைக் கேட்டா காரியம் கெட்டுடும். நீ சொன்னாப் போதும்."

என் பயம் ஒரு நல்ல காரியத்துக்கு உதவப் போகிறதென்றால் யாருக்குத்தான் கசக்கும்? சந்தோஷமாக ரொட்டிக்குப் பிசைந்தேன். அம்மா வந்து முக்காலியில் உட்கார்ந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

"நீங்க சொன்னாச் சொல்றேம்மா. குழந்தைக்கு இன்னும் ஒரு மாசங்கூட இல்லே" என்றேன்.

வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டார்.

"சுரங்கத்துக்குப் போனா அவர் திரும்ப மாட்டார். அது எனக்குத் தெரியும், மாசி. உன்னை இதைச் சொல்லு, அதைச் சொல்லுன்னு நான் கேக்கப் போறதில்லே. ஆனா அவர் சொன்னதை அவர் சொல்லவே இல்லேன்னு யாராவது எழுதி வச்சாங்கன்னா, உயிரோட வீட்டுல உக்காந்திருக்கிற அந்த மனுஷனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

எழுந்து போய்விட்டார். மாவு கை முழுக்க ஒட்டிக்கொண்டது, தண்ணீர் அதிகமாகிவிட்டது.

செப்டம்பர் 4, புதன்

சாராயக்கடை மேல்மாடியில் விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ரௌடும் இன்னும் இருவரும். ஐயர் ராஜாவுக்காக ஜெபித்ததை ஒளிக்கவில்லை. ஸ்ட்ரௌட் அதை எழுதாமல் என்னைக் கூப்பிட்டார்.

"நீ ஆமென் சொன்னியா?"

"சொல்லலீங்க."

"கோயில்பிள்ளை ஆமென் சொல்லலேன்னா, ஜெபம் முடியலேன்னுதானே அர்த்தம்?"

இறகுப் பேனா மைக்கூட்டுக்குள் போனது. அவர் எழுதவே ஆரம்பித்துவிட்டார். ஐயர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தால் என்னைக் கட்டாயப்படுத்தியதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அவர் கெஞ்சியிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். முறைத்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

"இல்லீங்க" என்றேன். "ஜெபம் முழுசா முடிஞ்சது. பயத்துல எனக்கு வாய் வரலே. பின்னாலே துப்பாக்கி இருந்தது. ஐயர் தன் வேலையைச் செஞ்சார், நான் என் வேலையைச் செய்யலே. தாளை ஒட்டினதும் நான்தான்."

ஸ்ட்ரௌட் பேனாவை வைத்துவிட்டு முகத்தை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டார். மற்ற இருவரும் சுரங்கம் என்றார்கள். அவர் மட்டும் நாடுகடத்தல் என்றார். அரைமணி நேரம் வாதாடி அவர்தான் ஜெயித்தார். சனிக்கிழமைக்குள் கடலைத் தாண்டி, ராஜாவின் பட்டாளம் பிடித்திருக்கும் நீளத் தீவுக்குப் போய்விட வேண்டும். வீடும் தோட்டமும் பறிமுதல்.

படியிறங்கும்போது ஐயர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இருமல் வந்ததனால் பிடித்தார் என்று முதலில் நினைத்தேன். கீழே வந்தும் கையை எடுக்கவில்லை.

செப்டம்பர் 7, சனி

படகேறினோம். ஒரு பெட்டி, ஜெபப் புத்தகம், என் மிளகு டப்பா. அம்மா கோயிலுக்குப் பின்னால் போய் மூன்று கல்லறையிலும் கொஞ்சம் மண் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அழவில்லை. எனக்குத்தான் பார்க்க முடியவில்லை.

ஸ்ட்ரௌட் கரையில் என்னைத் தனியாக நிறுத்தினார். "உனக்கு எந்த ராஜாவும் இல்லே. நீ இங்கேயே இருக்கலாம். என் பட்டறையில வேலை தர்றேன். நீ ஒரு வார்த்தை பேசாம இருந்திருந்தா அவங்களும் இருந்திருப்பாங்க, தெரியுமா?" என்றார்.

"தெரியுங்க."

அவருக்கு என்மேல் ஆத்திரம். இருந்தாலும் அம்மா உட்காரப் படகில் கம்பளி மடித்துப் போட்டவர் அவர்தான். ஐயரும் அவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திங்கட்கிழமை தானும் புரட்சிப் பட்டாளத்தோடு நியூயார்க்குக்குப் போவதாக ஸ்ட்ரௌட் சொன்னார்.

செப்டம்பர் 22, ஞாயிறு. நீளத் தீவு

பெண் குழந்தை. விடியற்காலை பிறந்தது. நல்ல குரல். அம்மா கண் திறந்து கூழ் கேட்டார். இன்று வேறு எது நடந்திருந்தாலும் எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 26, வியாழன்

வெதர்பியிலிருந்து இன்னொரு குடும்பம் துரத்தப்பட்டு வந்திருக்கிறது. நியூயார்க்கில் ராஜாவின் பட்டாளம் இறங்கியபோது ஸ்ட்ரௌட் பிடிபட்டாராம். சர்க்கரைக் கிடங்கு ஒன்றில் கைதிகளை அடைத்து வைத்திருக்கிறார்கள், ஜன்னலுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க அடிதடியாம். வந்தவர்கள் இதைச் சந்தோஷமாகச் சொன்னார்கள். அவர்கள் வீட்டைப் பறித்த தாளில் அவர் கையெழுத்து இருந்ததல்லவா.

ஐயர் சாப்பிடவில்லை. கிடங்குக்கு ஆள் அனுப்ப முடியுமா என்று இரண்டு அதிகாரிகளிடம் போய்க் கேட்டார். முடியாது என்றார்கள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஒரு பெரிய வைக்கோல் கொட்டகையில் ஆராதனை. முன்னால் சிவப்புச் சட்டைப் பட்டாளம், அதிகாரிகள். பின்னால் வீடிழந்து ஓடி வந்த எங்களைப் போன்றவர்கள். நிற்க இடமில்லை.

ராஜா ஜெபம் வந்தது. நான் வாயெடுப்பதற்குள் முந்நூறு பேர் ஆமென் என்றார்கள். கூரையிலிருந்து தூசி கொட்டியது. இங்கே அதைச் சொல்வதற்கு ஒரு தைரியமும் வேண்டாம். ஐயர் முகத்தில் அதற்காக ஒரு சந்தோஷமும் இல்லை.

அடுத்தது சகல ஜனங்களுக்காகவும் செய்யும் ஜெபம். கஷ்டத்தில் இருக்கிறவர்களைப் பெயர் சொல்லி ஜெபிக்க அதில் ஓர் இடம் உண்டு. வியாதிக்காரர் இருவர் பெயரைச் சொன்னார். பிறகு, அதே குரலில், "நியூயார்க்கில் சிறையிலிருக்கும் கேலப் ஸ்ட்ரௌட், வெதர்பி ஊர்க் கொல்லர், எங்கள் சபையைச் சேர்ந்தவர்" என்றார். அவருக்குப் பொறுமையும், விடுதலையும், வீடு திரும்பும் வழியும் கேட்டு ஜெபத்தை முடித்தார்.

ஓர் அதிகாரி பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார். வியாழக்கிழமை வந்த வெதர்பி குடும்பத்துக்காரர் எழுந்து வெளியே நடந்தார். ஐயர் நிறுத்தினார். எனக்கு எத்தனை நேரம் கொடுப்பார் என்பது எனக்குத் தெரியும்.

அத்தனை நேரம் தேவைப்படவில்லை. ஆமென் என்றேன், கொட்டகையின் கடைசி மூலையில் கட்டியிருந்த குதிரை திரும்பிப் பார்க்கும்படி. குழந்தையோடு பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா சேர்ந்து சொன்னார். வேறு யாரும் சொல்லவில்லை. ஐயர் தாளைத் திருப்பினார்.